நாற்பதைத் தாண்டிய பின் ஜூடோ

ஜூடோப் பயிற்சியில் சேர்ந்தபோது எனக்கு 43 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தாய். மகனைப் பயிற்சிக்குக் கூட்டிச்சென்று, வகுப்பு முடியும்வரை மண்டபத்தின் ஓரத்தில் இருந்து விடைத்தாள் திருத்துவது என் வழக்கமாக இருந்தது. ஒரு நாள் பயிற்றுநர் வந்து, "இருக்கிற நேரத்தில நீங்களும் விழப் பழகலாமே, ரீச்சர்" என்று கேட்டார். அன்று தொடங்கியது, கொழும்பில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில் பங்குபற்றும் அளவுக்கு இன்று வந்திருக்கிறது. என் வயதுப் பெண்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். வீதியில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விடயமல்ல என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

"பிள்ளை, உனக்கு இந்த வயசில ஏன் இந்த வேலை? கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்து கிடக்கப் போறாய்" என்றுதான் மாமி முதலில் சொன்னார். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தபோது, நிலத்தில் ஊன்றுவதற்காக நீட்டிய கைதான் மணிக்கட்டில் முறிந்தது. தேங்காய் துருவும்போது அந்தக் கை இன்றும் நோகிறது. விழும்போது கையை நீட்டுவது எவருக்கும் தன்னிச்சையாக வருவது. மணிக்கட்டும் காறை எலும்பும் பெரும்பாலும் அப்படித்தான் முறிகின்றன. ஜூடோவின் முதற்பாடமே அந்தப் பழக்கத்தை உடலிலிருந்து நீக்குவதாகும்.

அந்தப் பாடத்துக்கு உக்கெமி என்று பெயர். பின்புறமாக விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்துப் பின்மண்டை நிலத்தில் படாமல் காத்துக்கொண்டு, முதுகை வளைத்து உருண்டு, உடலிலிருந்து சற்று விலகிய கோணத்தில் இரண்டு கைகளையும் உள்ளங்கை முதல் முழங்கை வரை மெத்தையில் ஓங்கி அறைய வேண்டும். அதே கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். விழுகையின் விசை ஒரு புள்ளியில் குவியாமல் பரந்த பரப்பில் பகிரப்படுவதால் உடலுக்கு ஏற்படும் தாக்கம் குறைகிறது. கணிதம் படிப்பிப்பவளுக்கு இதை விளங்கிக்கொள்வது இலகு. ஆனால் கழுத்தும் தோளும் இதைத் தாமாகச் செய்வதற்கு மாதக்கணக்காகும். முதலில் இருந்த நிலையிலும், பின்னர் குந்திய நிலையிலும், அதன் பின்னர் நின்ற நிலையிலும் விழ வேண்டும். இன்னொருவர் எறிய விழுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். பத்து வயதுப் பிள்ளைகள் இந்தப் படிகளை விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள், ஏனெனில் அவர்கள் விழும் உயரம் குறைவு, பயமும் குறைவு. வளர்ந்தவர் ஒருவர் அவர்களுடைய வேகத்தில் போகத் தேவையில்லை என்பதை என் பயிற்றுநர் நன்றாக உணர்ந்திருந்தார். மற்றவர்கள் எறிதல் பழகிக்கொண்டிருக்க, என்னை ஒரு பருவகாலம் முழுவதும் விழ மட்டுமே வைத்தார். அந்த ஒரு முடிவினாற்றான் நான் இன்னமும் முழு உடலோடு பயிற்சிக்குப் போகிறேன் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் உழுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, "இடுப்பெலும்பு உரக்க வேணும்" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவார்கள். பதின்மூன்று வயதில் அவளுடைய எலும்பைப் பற்றி இவ்வளவு அக்கறை கொள்ளும் அதே வீடு, அவளுக்கு நாற்பத்து மூன்று வயதாகும்போது அந்த எலும்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. எலும்பின் அடர்த்தி முப்பது வயதளவில் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லக் குறைந்து, மாதவிடாய் நின்ற பின்னர் விரைவாகக் குறைகிறது. பாரம் சுமக்கும் பயிற்சியும் தசைக்கு எதிர்ப்புக் கொடுக்கும் பயிற்சியும் அந்த இழப்பைத் தாமதப்படுத்த உதவுகின்றன. மாலையில் நடைபோடுவது நல்லதுதான். ஆயினும் இன்னொருவரின் நிறையைத் தூக்கவும் தள்ளவும் தாங்கவும் வேண்டியிருக்கும் ஒரு பயிற்சி தரும் உரத்தை நடை தராது. களியும் வேண்டும், பாரமும் வேண்டும்.

வயது கடந்து தொடங்குவதைப் பற்றிப் பேசுபவர்கள், எங்கள் தலைமுறைக்கு உரிய வயது எப்போது வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் இல்லாத குடாநாட்டில் எல்லா இடத்துக்கும் சைக்கிளில் சென்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் போரினால் இடம்பெயர்ந்து ஒரே இரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு 15 வயது. அதற்கு முன்னரும் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் வலைப்பந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் இருந்தனவே தவிர, ஒருவரை ஒருவர் பிடித்து வீழ்த்தும் விளையாட்டு எவருடைய எண்ணத்திலும் இருக்கவில்லை. உலகிலும் நிலைமை அப்படி ஒன்றும் வெகுதூரம் முன்னே போயிருக்கவில்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882 இல் தோக்கியோவில் கோடோகன் என்னும் ஜூடோப் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். ஆண்களின் ஜூடோ 1964 இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்களுக்கு 1992 பார்சிலோனாவில்தான் முதன்முறையாகப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. கானோவின் நேரடி மாணவியான கெய்கோ புகுடா, பெண் என்பதால் ஐந்தாம் தானிலேயே (தான் என்பது கறுப்புப் பட்டிக்குரிய தரநிலை) ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டு, 1972 இல்தான் ஆறாம் தானுக்கு உயர்த்தப்பட்டார். அமெரிக்க ஜூடோ அமைப்பு 2011 இல் அவருக்குப் பத்தாம் தானை வழங்கியபோது அவருக்கு 98 வயது. இந்த வரலாற்றை அறிந்தபின், 43 வயதில் தொடக்கநிலையினரின் வெள்ளைப் பட்டியைக் கட்டுவதற்கு எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் கராத்தேயோ குத்துச்சண்டையோ பழகவில்லை என்று கேட்கிறார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் கராத்தே பழகாத தெரு இல்லை என்று சொல்லுமளவுக்கு அது இங்கே வேரூன்றியிருக்கிறது. ஆனால், நாற்பதுக்குப் பின்னர் புதிதாகத் தொடங்கிப் போட்டிக்கும் போக நினைப்பவர், தலை இலக்காக இல்லாத விளையாட்டைத் தெரிவுசெய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் நாளங்கள் இழுபட்டிருக்கும். இளைஞர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் அடி அந்த நாளங்களைக் கிழித்து இரத்தக்கசிவை ஏற்படுத்தக்கூடும். இதய நோய்க்காக அஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஜூடோவிலும் பிழையாக விழுந்தால் தலை அடிபடலாம். விழப் பழகாதவரை எறிவதற்கு எந்தப் பயிற்றுநரும் அனுமதிக்கக் கூடாது என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வது அதனாற்றான்.

பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னர் இரத்த அழுத்தம், சீனி, ஈசிஜி ஆகிய மூன்றையும் பார்ப்பித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் வருபவர்களை எங்கள் பயிற்றுநர் மெத்தையில் ஏற விடுவதில்லை.

உடல் மீளும் வேகம்தான் நடுவயதில் உண்மையான எல்லை. தசை ஓரளவு விரைவாகப் பழகிக்கொள்ளும். தசைநாண்களும் மூட்டுகளும் பின்னாலே மெதுவாக வரும். அதனால், "என்னால் முடிகிறது" என்று உடல் சொல்லும் நாளில் முழங்கால் இன்னும் ஆயத்தமாகியிருக்காது. கடுமையான பயிற்சி கிழமைக்கு இரண்டு நாள், அவற்றுக்கிடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். மற்ற நாட்களில் எறியும் முறைக்குள் நுழைந்து, எறியாமலே திரும்பத் திரும்பப் பழகும் உச்சிகோமியும், உடலை வளைக்கும் பயிற்சிகளும் மாத்திரமே. தகரக் கூரைக்குக் கீழே, தடித்த பருத்தித் துணியில் தைத்த ஜூடோ உடையான ஜூடோகியோடு, சித்திரை வைகாசி வெயிலில் பழகுவது இன்னொரு சோதனை. உப்பிட்ட மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் இல்லாமல் அந்த மாதங்களை எங்களில் எவராலும் கடக்க முடியாது.

யாருடன் பழகுகிறோம் என்பது எதைப் பழகுகிறோம் என்பதைவிட முக்கியமானது. என்னுடன் பழகுபவர்களில் பெரும்பாலானோர் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள். அவர்களில் சிலர் என்னிடமே கணிதம் படித்தவர்கள்; மெத்தையில் கால் வைத்ததும் அவர்கள் மூத்தவர்கள், நான் இளையவள். "ரீச்சர், சட்டைக் கழுத்தை இன்னும் மேலே பிடியுங்கோ" என்று ஒரு மாணவி சொல்லித்தரும்போது அதை மனமொப்பிக் கேட்டுக்கொள்வது, எறிதல் ஒன்றைப் பழகுவதற்கு ஒப்பான பயிற்சி. எதிராளியின் பிடி இறுகியதும் கையால் இரண்டு முறை தட்டி விட்டுக்கொடுப்பதிலும் எனக்குத் தயக்கமில்லை. முழங்கைக்கு நோவு வரும்வரை காத்திருப்பவர்கள் பல மாதங்கள் வீட்டில் இருக்க நேரிடும். பின்னாலிருந்து காலுக்குக் குறுக்கே விழுத்தும் 'தனி-ஒட்டொஷி' போன்ற எறிகளைப் புதியவர்கள் செய்ய வந்தால் நான் மறுத்துவிடுகிறேன். எறிபவர் தன் நிறையோடு எதிராளியின் முழங்காலின் மேல் விழுந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

உடையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஜூடோகி கணுக்கால் வரையிலும் மணிக்கட்டு வரையிலும் உடலை மூடுவது. பெண்கள் அதற்குள் வெள்ளை ரீசேர்ட் அணிய வேண்டும் என்பது போட்டி விதி. ஆண்களோடு பழகுவதா இல்லையா என்பது ஒவ்வொருவரும் தீர்மானிக்க வேண்டியது. நான் பெண்களோடு மாத்திரம் பழகுகிறேன். எங்கள் மண்டபத்தில் அதற்கு எவரும் மறுப்புச் சொன்னதில்லை.

போட்டிக்குப் போவதென்று முடிவெடுத்தபோது நிறையைக் குறைக்க மறுத்துவிட்டேன். என் நிறை 61 கிலோ; 63 கிலோவுக்குட்பட்ட பிரிவிலேயே பெயர் கொடுத்தேன். தண்ணீரை வெளியேற்றி நிறை இறக்குவது இளையவர்களுக்கே ஆபத்தானது. இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போய், காலையில் நிறை பார்த்து, என் மகளைவிட ஓரிரு வயதே மூத்த பிள்ளைகளுக்கு நடுவில் வரிசையில் நின்றேன். வயதுப் பிரிவு கிடையாது. முதற்போட்டியில் ஒரு பல்கலைக்கழக மாணவி ஒசோட்டோ காரியால் என் வலது காலைப் பின்னாலிருந்து வாரி, ஒரு நிமிடத்துக்குள் முதுகு முழுவதும் மெத்தையில் படும்படி எறிந்தாள். இப்பொன், அதாவது முழு வெற்றிப் புள்ளி; போட்டி முடிந்தது. நான் நன்றாக விழுந்தேன். கழுத்தில் ஒரு சிறு நோவும் இல்லாமல் எழுந்து வணங்கினேன்.

இரண்டாவது போட்டி நெடுநேரம் நின்றபடியே போனது. நின்ற நிலையில் இளையவர்களின் வேகத்துக்கு நான் ஈடாக மாட்டேன் என்பது தெரிந்ததால், பல மாதங்களாக நிலத்தில் பிடித்து அழுத்தும் முறைகளிலேயே கூடுதல் கவனம் செலுத்தி வந்திருந்தேன். நாற்பதைக் கடந்து தொடங்கும் எவருக்கும் நான் சொல்லும் முதல் தந்திரமும் இதுதான்: அங்கே வேகத்தைவிட நிறையைப் பயன்படுத்தத் தெரிவதும் பொறுமையும் கூடுதலாக உதவும். எதிராளி இடுப்பெறிக்குத் திரும்பியபோது நான் பின்னால் அமர்ந்து அவளையும் கீழே கொண்டுவந்து, கெசா கட்டாமே என்னும் நிலத்துப் பிடியில் அவளுடைய கழுத்தையும் ஒரு கையையும் அணைத்துப் பிடித்தேன். 20 விநாடிகள் அப்படியே பிடித்தால் இப்பொன். அவள் இடுப்பைப் பாலம்போல மேலே உயர்த்தி உதறினாள், என் பட்டியைப் பற்றி இழுத்தாள், காலால் என் காலைக் கொளுவப் பார்த்தாள். நான் தலையைத் தாழ்த்தி, விலாவோடு விலா ஒட்டி, அவள் தள்ளும் திசைக்கு எதிராகக் காலை நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஓரத்திலிருந்து மகன் விநாடிகளை உரக்க எண்ணினான். மத்தியஸ்தர் கையை உயர்த்தியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்தச் சுருக்கமும் இல்லாமல் இங்கே பதிவுசெய்கிறேன்: திருமணத்துக்குப் பின்னர், முற்றிலும் எனக்கே உரியதாக நான் பெற்ற முதல் வெற்றி அது.

சர்வதேச ஜூடோ சம்மேளனம் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கெனத் தனியாக உலகப் போட்டி நடத்துகிறது. ஐந்து ஐந்து வயதாகப் பிரிவுகள் வகுத்து, 30 முதல் 34 வரை ஒன்று, 35 முதல் 39 வரை ஒன்று என்று அது போகிறது. வளர்ந்தோர் போட்டியின் நான்கு நிமிடத்துக்குப் பதிலாக என் வயதினருக்கு மூன்று நிமிடமே. மல்யுத்தத்திலும் 35 வயது முதல் இவ்வாறான பிரிவுகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் இந்த ஒழுங்கைக் கொண்டுவரப் பெரிய செலவில்லை. மெத்தை இருக்கிறது, மத்தியஸ்தர்கள் இருக்கிறார்கள். மாகாண மட்டப் போட்டி நடக்கும் நாளின் முடிவில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினாற்கூடப் போதும். இருபது வயதினரோடு மோதுவதைத் தவிர வேறு வழி இல்லை என்பதாலேயே பலர் தொடங்காமல் நிற்கிறார்கள். துரையப்பா விளையாட்டரங்கில் காலையில் நடக்க வரும் பெண்களில் எத்தனை பேருடைய தோளும் காலும் இதற்குப் பொருத்தமானவை என்று நான் பார்த்துப் பார்த்து ஏங்குகிறேன்.

சனிக்கிழமை மாலை வகுப்பில் இப்போது என் வயதை ஒத்த பெண்கள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள்; ஒருவர் தாதி, ஒருவர் தையற்கடை வைத்திருப்பவர். முதல் மூன்று மாதங்களும் அவர்களுக்கு விழுதல் மாத்திரம். அதன் பின்னர் நிலத்துப் பிடிகள், கடைசியாக எறிதல். தைப்பொங்கலுக்குப் பிறகு எங்களுக்குள்ளேயே மூன்று நிமிடப் போட்டிகளை முறைப்படி நடத்தித் தருவதாகப் பயிற்றுநர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜூடோகி உடனே வாங்க வேண்டியதில்லை. தளர்வான நீளக் காற்சட்டையும் தடித்த ரீசேர்ட்டும் போதும். காப்பு, தோடு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள்.