க-வுக்கு ‘கே’ போடு: நூலக அட்டவணையில் தேடிப் பழகிய கதை

முனைவர் பட்ட ஆய்வுக்காக எனக்கு ‘ஜகன்மோகினி’யின் பழைய இதழ்கள் தேவைப்பட்டன. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் பொறுப்பேற்று நடத்திய பத்திரிகை அது. எந்த நூலகத்தில் எந்த ஆண்டு இதழ்கள் இருக்கின்றன என்று தெரியாமல் பஸ் ஏறுவதில் அர்த்தமில்லை. சரி, முதலில் நூலகங்களின் இருப்பைக் காட்டும் இணைய அட்டவணைகளைப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

உலகம் முழுக்க உள்ள நூலகங்களின் இருப்பை வேர்ல்ட்கேட்டில் ஒரே இடத்தில் தேடலாம். ஆனால் நாம் பேச்சு வழக்கில் உச்சரிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் அடித்தால் பல பதிவுகள் நழுவிவிடும். அமெரிக்க நூலகங்கள் அங்குள்ள காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறைப்படிதான், அதாவது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் விதிப்படிதான், தமிழ்த் தலைப்புகளைப் பதிகின்றன. அங்கே ஒலிக்கு வேலையில்லை, எழுத்துதான் கணக்கு. க எங்கே வந்தாலும் ‘கே’, ‘ஜி’ போடக்கூடாது. த-வுக்கு வெறும் ‘டி’ (t), பின்னால் ‘எச்’ கிடையாது. ச-வுக்கு ‘சி’. கோதைநாயகி என்று தேட இரண்டு ‘கே’யும் ஒரு ‘டி’யும் வேண்டும். தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்த நமக்கு இது ஒரு நாள் பழக்கம்தான். எழுத்துகளுக்கு மேலும் கீழும் வரும் கோடுகளை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

நம் ஊர்க் கல்லூரி அட்டவணைகள் வேறு ரகம். சிலவற்றில் தலைப்பு தமிழிலேயே இருக்கும், சிலவற்றில் பதிந்தவர் மனம்போன ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே பெயரோடு மல்லுக்கட்டாமல் வகைப்பாட்டு எண்ணைப் பிடிப்பேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, புனைகதை 894.8113. அந்த எண்ணைக் கொடுத்தால், எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும், அலமாரி முன் நின்று பார்ப்பதுபோல வரிசையாக வந்துவிடும்.

எனக்கு அதிகம் உதவியது இன்னொன்று. பொருத்தமான ஒரு புத்தகம் கிடைத்ததும் அதன் முழுப்பதிவைத் திறந்து, பொருள் தலைப்பு என்ற இடத்தைச் சொடுக்க வேண்டும். நூலகர் அதே தலைப்பில் சேர்த்து வைத்த மற்றவையெல்லாம் வரிசையாக வரும். பெண்கள் பத்திரிகைகள் பற்றி நான் கேள்விப்பட்டே இராத நூல்கள் அப்படித்தான் கிடைத்தன. கூகுளில் பழகிய நமக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது.

பத்திரிகை தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அட்டவணை பெரும்பாலும் பத்திரிகையின் பெயரோடு நின்றுவிடும், உள்ளே வந்த கதை, கட்டுரைத் தலைப்புகளைத் தேடினால் வராது. இருப்பு விவரத்தில் தொகுதி எண்ணும் ஆண்டும் இருக்கும், நடுவில் விடுபட்ட இதழ்களும் தெரியும். அப்புறம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கே ஸ்கேன் இருந்தால் பயணமே மிச்சம். இல்லாவிட்டால் கிளம்பும் முன் நூலகத்துக்கு ஒரு போன் போடுவது நல்லது. அட்டவணையில் ‘உள்ளது’ என்றிருக்கும் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கலாம்.