ட்ராக்கை விட்டு விலகும் குரல்: ஒலிப்பதிவு செய்முறைத் தேர்வுக்கு முன்

கணினியில் செய்த மிடி ட்ராக்கின் (ஒலியாக இல்லாமல் ஸ்வரக் கட்டளைகளாக இருக்கும் பின்னணி இசை) மேல் குரலைப் பதிவுசெய்து கொடுக்கச் சொல்லும் செய்முறைத் தேர்வில் டைமிங்தான் காலை வாரும். குரல் விலகியது காதில் பட்டதும் பலரும் மவுஸால் இழுத்துப் பொருத்தப் பார்க்கிறார்கள். பல்லவி சேர்ந்துவிடும், கடைசிச் சரணத்தில் மறுபடி விலகும். இழுப்பதற்கு முன் அளந்து பாருங்கள்.

ட்ராக்கின் தொடக்கத்தில் நாலு க்ளிக், பாட்டு முடிந்தபின் இன்னொரு நாலு க்ளிக் வையுங்கள். அந்த இரண்டு இடங்களிலும் ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்தால் க்ளிக் குரல் ட்ராக்கிலும் பதிவாகும். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மூல க்ளிக்குக்கும் பதிவான க்ளிக்குக்கும் உள்ள இடைவெளியை இரு முனையிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முனையிலும் ஒரே இடைவெளி என்றால் அது லேட்டன்சி, அதாவது ஒலி கணினிக்குள் போய் வரும் நிலையான தாமதம். முழுப் பதிவையும் அந்த அளவுக்குத் தொடக்கத்தை நோக்கி நகர்த்தினால் போதும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் லேட்டன்சி ஈடுகட்டும் எண் தொடக்கத்தில் -130 மில்லிசெகண்டாக இருக்கும். அதன் பிறகும் பதிவு 40 மில்லிசெகண்ட் பிந்தி விழுந்தால் -170 என்று மாற்றுங்கள்.

இது கோப்பைத்தான் சரிசெய்யும், பாடுபவரின் காதை அல்ல. தன் குரலே தாமதமாகக் கேட்டால் யாருக்கும் தாளம் தடுமாறும். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) 256 சாம்பிள் பஃபர், அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் துண்டு, ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21.3. பதிவின்போது பஃபரைக் குறையுங்கள், அல்லது இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) டைரக்ட் மானிட்டரில், அதாவது குரல் கணினிக்குள் போகாமல் நேரே காதுக்கு வரும் வழியில், கேளுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது.

இடைவெளி போகப் போக வளர்ந்தால் கதை வேறு. போனில் குரலும் கணினியில் ட்ராக்கும் ஓடும்போது இரண்டு கடிகாரங்கள் வேலை செய்கின்றன. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 4 நிமிடப் பாட்டில் 12 மில்லிசெகண்ட் விலகும். அப்போது பதிவின் நீளம் 240.012 விநாடி, ட்ராக் 240.000. குரலை 99.995 சதவீத நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு சிறிய திருத்தத்துக்கு டைம்-ஸ்ட்ரெட்ச் (சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றுவது) வேண்டாம். அது வல்லின எழுத்துகளின் விளிம்பை மழுக்கிவிடும். வேகத்தையே மாற்றுங்கள், சுருதி மாறுவது காதுக்குத் தெரியாது.

விலகல் விநாடிக் கணக்கில் இருந்தால் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் 4 நிமிடம் 3 நிமிடம் 40.5 விநாடியாகிவிடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். குரல் பதிவான பின் டெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) 92-லிருந்து 93 ஆக்கினாலும் அதே 4 நிமிட மிடி ட்ராக் 2.6 விநாடி சுருங்கும், குரலோ அப்படியே நிற்கும். அதனால் டெம்போவை முடிவுசெய்து, மிடியை வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்த பிறகே மைக்கைத் திறங்கள்.

எம்பி3 வேண்டாம். எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் என்கோடரும் அதைத் திறக்கும் டிகோடரும் சேர்ந்து தொடக்கத்தில் 1105 சாம்பிள் வெற்றிடம் சேர்க்கலாம், 44.1-இல் அது 25 மில்லிசெகண்ட். குரல், ட்ராக் எல்லாம் ஒரே சாம்பிள் ரேட்டில், 0 விநாடியிலிருந்தே தொடங்கும் வேவ் கோப்புகளாகக் கொடுங்கள். க்ளிக்குகளை மியூட் செய்யுங்கள். வெட்டி எடுத்தால் கோப்புகளின் தொடக்கம் பொருந்தாமல் போகும்.