மூன்றாவது பலகை: ஆஸ்கர் ஹவ் வைத்த புள்ளிகளைப் பின்தொடர்ந்து

ஓவியர் ஆஸ்கர் ஹவ்வின் முறையில் நான் வரைந்து பழகும் மேகம், மூன்றாவது பலகையில்தான் மேகமாக வந்திருக்கிறது. முதல் இரண்டையும் கராஜில் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் மிட்செல் என்ற ஊருக்குப் போய்வந்த பிறகு தொடங்கிய வேலை இது. சூ ஃபால்ஸிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஓட்டம். சோளக்கதிர்களால் சுவர் அலங்கரிக்கும் கார்ன் பேலஸைப் பார்க்கத்தான் அந்த ஊருக்குக் கூட்டம் வருகிறது. 1948 முதல் 1971 வரை அதன் சுவர்ப்படங்களுக்கு வடிவம் வரைந்து கொடுத்தவர் ஆஸ்கர் ஹவ். அவர் 1940இல் தீட்டிய குவிமாடம் பழைய கார்னகி நூலகக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கேயும் போனேன். கழுத்து வலித்தும் நகர மனம் வரவில்லை. சூரியன், மழைமேகம், குன்றுகள். புழுதிப் புயலும் வறட்சியும் வாட்டிய பத்தாண்டின் முடிவில், 25 வயது டக்கோட்டா பழங்குடி இளைஞர் ஒருவர் மழைக்கான வேண்டுதலை நூலகக் கூரையில் தீட்டியிருக்கிறார்.

டக்கோட்டா, லக்கோட்டா இரண்டும் நெருங்கிய உறவுள்ள பழங்குடி மக்கள், பேச்சும் அப்படியே. லக்கோட்டாவில் லகரம் வரும் பல சொற்களில் டக்கோட்டாவில் டகரம் வரும்: நண்பனுக்கு அங்கே கோலா, இங்கே கோடா. ஹவ் டக்கோட்டாக்களில் யாங்க்டனாய் பிரிவினர், க்ரோ க்ரீக் ரிசர்வேஷனில் (பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலப்பகுதியில்) பிறந்தவர்.

மோப்ரிட்ஜ் என்ற ஊரின் அரங்கில் 1942இல் அவர் தீட்டிய பத்துச் சுவரோவியங்களில் சடங்குகளும் உண்டு. அவற்றைப் பார்த்து வரைவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தேன். அது அவர்கள் வழிபாடு. முறையை மட்டும் கற்றுக்கொண்டு, வழியில் நெடுஞ்சாலைக்கு மேலே கண்ட மேகத்தை வரைகிறேன்.

அந்த முறைக்கு தஹொக்மு, அதாவது சிலந்திவலை, என்று பெயர். முதலில் புள்ளிகள், பிறகு அவற்றை இணைக்கும் நேர்கோடுகள், அதிலிருந்து உருவம். கேட்டதும் எளிதாகத்தான் தோன்றியது. முதல் பலகையில் என் கை கோலம் போடுகிற பழக்கத்தில் சம இடைவெளியில் வரிசை பிடித்துப் புள்ளி வைத்துவிட்டது. மேகம் ஜன்னல் கம்பி மாதிரி நின்றது! மேகத்தின் ஓரம் எங்கே திரும்புகிறதோ அங்கே மட்டும்தான் புள்ளி வர வேண்டும் என்பது இரண்டாவது பலகையில்தான் பிடிபட்டது. அடிவயிறு தட்டையானது, அங்கே இரண்டு போதும். தலைப்பக்கம் பொங்குகிற இடத்தில் நெருங்கி வரும்.

இப்படி மடிந்து மடிந்து போகும் கோடுகள் கொண்ட ஹவ்வின் ஓவியம் ஒன்றைத்தான், 1958இல் ஓக்லஹோமாவின் ஃபில்ப்ரூக் அருங்காட்சியகப் போட்டியில் ‘மரபான இந்திய (அதாவது அமெரிக்கப் பழங்குடி) ஓவியம் அல்ல’ என்று ஒதுக்கினார்கள். தன் மக்களின் வலையிலிருந்து எடுத்த கோட்டையே மரபில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் கடுமையாக மறுத்துக் கடிதம் எழுதினார். அடுத்து அந்தப் போட்டியே தன் விதியைத் தளர்த்தியது.

சாயம் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தாளில் விரும்பித் தீட்டியது கேசீன், பால்புரதச் சாயம். நான் வீட்டிலேயே செய்தேன். கொழுப்பு நீக்கிய பாலை இளஞ்சூடாக்கி, வினிகர் விட்டுத் திரித்து, துணியில் வடிகட்டி, புளிப்பு போகும்வரை அலச வேண்டும். வெந்நீரில் கரைத்த வெண்காரத்தை அதில் விட்டுக் கலக்கினால் தயிர்க்கட்டிகள் மெல்லக் கரைந்து தேன் பதத்துக்கு வரும். அதில் காவிப்பொடி குழைத்தால் சாயம் தயார். (வெண்காரம் பட்ட பாத்திரம் திரும்பச் சமையலுக்கு ஆகாது.) முதல் தடவை கொழுப்புள்ள பாலில் செய்தேன், எண்ணெய் மினுங்கியது. அடுத்த தடவை தடிமனாகப் பூசியதில், காய்ந்ததும் மேகத்தின் குறுக்கே மயிரிழை வெடிப்பு ஓடிவிட்டது. இப்போது தண்ணீராய் நீர்த்து, நான்கு பூச்சு.

நேற்று மேகம் முழுக்கக் காய்ந்தது. மினுக்கமே இல்லாத அந்த மண்நிறம் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இன்று காலை குன்றுகளுக்குச் சாக்பீஸில் பதினொரு புள்ளி வைத்தேன். மதியம் வந்து பார்த்து, இரண்டை அழித்திருக்கிறேன்.