அக்கிலிஸ் வலி: ஓய்வில் போகாதது, சுமையில் போனது

குதிகால் எலும்புக்கு மேலே மூன்று நான்கு விரல்கடை தள்ளி, பின்னங்காலில் ஓடும் தடித்த தசைநாணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக் கிள்ளிப் பாருங்கள். அங்கே சுருக்கென்று வலித்து, காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளும் விறைப்பாக இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓட்டக்காரர்கள் அக்கிலிஸ் என்று சொல்வது இந்த நாணைத்தான்.

எனக்கு வலது காலில் வந்தது. கோவையில் ஓடுகிறவள் நான். வார நாட்களில் ரேஸ்கோர்ஸ், ஞாயிற்றுக்கிழமை வடவள்ளி வழியாக மருதமலைப் பக்கம் லாங் ரன். ஹாஃப் மாரத்தானிலிருந்து முழு மாரத்தானுக்குத் தயாரான வருடம் அது. தூரமும் கூடியது, மலைப்பாதையும் சேர்ந்தது. ஏற்றத்தில் ஓடும்போது பாதம் மேல்நோக்கி அதிகமாக மடங்குவதால் நாண் கூடுதலாக இழுபடும். சாதாரண ஓட்டத்திலேயே ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு சுமை இந்த நாண் வழியாகப் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சமதளத்தில் பழகிய நாணுக்கு மருதமலை பெரிய வேலைதான்.

இந்த வலியின் குணம் ஆளைக் குழப்பும். ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், இரண்டு கிலோமீட்டர் போனதும் காணாமல் போய்விடும், அன்று முழுக்க ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் பாத்ரூம் வரை நொண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். சூடானதும் வலி மங்குவது இந்த நோயின் இயல்பு. அதைப் பார்த்துக் கால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

முதலில் எல்லோரும் சொல்கிற வைத்தியம்தான்: ஓட்டத்தை நிறுத்தி, ஐஸ் வைத்து, தைலம் தேய்த்து, காத்திருந்தேன். சில வாரங்களில் நடக்கும்போது வலி சுத்தமாகப் போய்விட்டது. மறுபடி ஓடிய அன்றே பழையபடி வந்தது. இது என் காலுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. ஓய்வில் வலி இறங்கும்போது நாணின் தாங்கும் சக்தியும் கூடவே இறங்குகிறது, கெண்டைக்கால் தசையும் மெலிகிறது. திரும்பி வரும்போது பழைய தூரமே அதிகச் சுமையாகிவிடுகிறது.

ஐஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டுப் போடுதல், காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் அவரே எழுதினார். நாள்பட்ட நாண் வலியில் உள்ளே கொலாஜன் என்ற புரத இழைகளின் வரிசை குலைந்து நாண் தடித்துப் போயிருக்கும். ஐஸ் கொஞ்ச நேரம் வலியை மரக்கச் செய்யும், அவ்வளவுதான். குலைந்த இழைகளை அது சீராக்காது. தைலமும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். அல்ட்ராசவுண்டில் நாண் தடித்திருப்பது தெரிந்தது, கிழிசல் இல்லை. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் சீக்கிரம் வலி போய்விடும் என்றார். பின்விளைவு என்னவென்று கேட்டேன். அக்கிலிஸ் நாணில் ஸ்டீராய்டு போட்டால் அது பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு, கிடைக்கும் நிவாரணமும் நெடுநாள் நிற்பதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மருந்துக்கடைப் பக்கம் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இதை நிறையப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதித் தருகிற சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கலாம், அதிலும் அக்கிலிஸை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-ல் இவற்றின் மீது தன் உச்சபட்ச எச்சரிக்கையைப் போட வைத்தது. நாண் வலி இருப்பவர்கள் இந்த வகை மாத்திரை எழுதப்படும்போது டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, வேறு தர முடியுமா என்று கேளுங்கள்.

வழி திறந்தது ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஒரு பிசியோவிடம் போன பிறகுதான். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னப் பெண். ஸ்கேன் படத்தை ஒரு பார்வை பார்த்து மேஜையில் வைத்துவிட்டு, “அக்கா, ஒத்தக் கால்ல நின்னு குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்குங்க, முடியற வரைக்கும்” என்றார்.

இடது கால் இருபதைத் தாண்டியது. வலது கால் பத்துக்கு முன்பே நடுங்க ஆரம்பித்தது, குதிகால் எழும்பிய உயரமும் பாதிதான்.

“ரொம்ப வலிக்குதுங்களாக்கா?”

“வலி பரவாயில்லம்மா. தூக்கவே வரமாட்டேங்குது.”

“அதத்தாங்கக்கா முதல்ல சரி பண்ணணும்.”

அன்று கரண்ட் வைக்கவில்லை, டேப் ஒட்டவில்லை. ஒரு தாளில் பயிற்சியை எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பயிற்சி முறைக்கு வேர் சுவீடனில் இருக்கிறது. 1998-ல் ஹோகன் அல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவரும் அவர் குழுவும், நாள்பட்ட அக்கிலிஸ் வலியால் ஓட முடியாமலிருந்த 15 பேரைப் படி விளிம்பில் நிறுத்தி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம் செய்ய வைத்தார்கள். முட்டியை நீட்டி 15 முறை வீதம் மூன்று செட், மடக்கி அதேபோல் மூன்று செட். வலித்தாலும் செய்யச் சொன்னார்கள். வலிக்காமல் போனால் முதுகில் எடை ஏற்றினார்கள். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பின்னர் 2015-ல் டென்மார்க்கில் வந்த ஓர் ஆய்வு, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கனமான எடையோடு மெதுவாக ஏற்றி இறக்கினாலும் அதே அளவு பலன் கிடைக்கிறது என்று காட்டியது. வேலை, வீடு, சமையல் என்று ஓடுகிற எனக்கு இந்த இரண்டாவது வழிதான் ஒத்துவந்தது.

எங்கள் வீட்டு மாடிப்படியின் முதல் படிதான் என் ஜிம். முன்பாதம் மட்டும் படி விளிம்பில் இருக்கும், ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூன்று எண்ணி ஏற வேண்டும், மூன்று எண்ணி இறங்க வேண்டும். வேகமாகச் செய்தால் துள்ளல் வந்து தசைக்கு வேலை குறைந்துவிடும் என்பதால் எண்ணிக்கையை வாய்விட்டே சொல்வேன். முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில். அது எளிதானதும் மகளின் பழைய ஸ்கூல் பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பாக்கெட் ஒன்றைப் போட்டு மாட்டிக்கொண்டேன். அப்புறம் இரண்டு பாக்கெட். பையின் வார் தோளில் பதிந்து தடம் விழ ஆரம்பித்த பிறகுதான் நிஜமான ஜிம்முக்குப் போனேன். அங்கே உட்கார்ந்தபடி கெண்டைக்காலுக்கு எடை ஏற்றும் மெஷின் இருந்தது. முட்டி மடங்கியிருக்கும்போது உள்ளே இருக்கும் சோலியஸ் தசைதான் பெரும்பாலும் உழைக்கும். ஓட்டத்தில் பெரும் பங்கைச் சுமப்பதும் அந்தத் தசைதான். ஆகவே மடக்கிய முட்டிப் பயிற்சியை யாரும் விட்டுவிட வேண்டாம்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி. சுவீடனில் சில்பர்நாகெல் என்ற பிசியோ ஆய்வாளர் 2007-ல் தெளிவான ஒரு விதியை வைத்துச் சோதித்திருக்கிறார். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். பயிற்சியிலோ ஓட்டத்திலோ ஐந்து வரை போகலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் விறைப்பு கூடிக்கொண்டு போகக்கூடாது. இந்த விதிக்கு உட்பட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தவர்களும் நிறுத்தியவர்களைப் போலவே குணமடைந்தார்கள்.

எங்கள் சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது, கட்டத்துக்குக் கட்டம் பால் கணக்கு எழுதியிருக்கும். அதன் கீழேயே சிவப்புப் பேனாவால் என் குதிகாலுக்கான எண்ணை எழுதினேன். காலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போகும்போது எப்படி நடந்தேன் என்பதுதான் அந்த எண். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் நான்கு என்று தினமும் ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மாதத்தின் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் அருகருகே பார்த்தால்தான் இறங்குமுகம் தெரியும். வீட்டிலேயே இருக்கும் ஒரு தாளும் பேனாவும் கொடுத்த தைரியம் பெரிது.

நம் வீடுகளில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடுதான் நடமாடுகிறோம். வலி அதிகமாக இருந்த வாரங்களில் குதிகால் பக்கம் சற்று உயர்ந்த ஒரு செருப்பை வீட்டுக்குள் போடச் சொன்னார் பிசியோ. சமையல் நேரம் முழுக்க நிற்கிறவர்களுக்கு இது நல்ல உபாயம். வலி நாணின் நடுவில் இல்லாமல், எலும்போடு சேரும் இடத்திலேயே இருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம். அவர்கள் படி விளிம்பிலிருந்து குதிகாலைக் கீழே இறக்கக்கூடாது, சமதரையிலேயே தூக்கி இறக்க வேண்டும். கீழே இறக்கும்போது நாண் எலும்பின் மேல் அழுந்தி வலி கூடும். சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை இழுத்து நிற்கும் ஸ்ட்ரெட்சும் அதே காரணத்தால் அவர்களுக்கு ஆகாது.

ஓட்டத்துக்குத் திரும்பியது ரேஸ்கோர்ஸின் சமதளத்தில், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். நாணுக்குப் பலமான சுமை கிடைத்த பிறகு முதல் ஒன்று, ஒன்றரை நாள் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவது அதிகம். அதன் பிறகுதான் கட்டுவது முந்துகிறது. அந்த இடைவெளியைக் கொடுக்காமல் அடுத்தடுத்த நாள் ஓடினால் நஷ்டக் கணக்குதான் மிஞ்சும். முதலில் தூரத்தைக் கூட்டினேன், பிறகு வேகத்தை. மலைப்பாதையைக் கடைசியாகத்தான் தொட்டேன். ஷூவையும் அந்தச் சமயத்தில் மாற்றவில்லை, குதிகால் உயரம் குறைந்த ஷூவுக்கு மாறுவதும் நாணுக்குப் புதுச் சுமைதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலியோடு சுமை ஏற்றலாம் என்பது தசைநாணுக்கு மட்டும்தான், எலும்புக்கு அல்ல. முன்னங்கால் எலும்பில் ஒரே ஒரு இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி, ஒற்றைக் காலில் குதித்தால் குத்துகிற வலி, ராத்திரி படுத்த பிறகும் விடாத வலி, இதெல்லாம் எலும்பில் நுண்விரிசல் விழுவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐதான் காட்டும். எங்கள் குழுவில் ஒரு தங்கைக்கு இப்படி வந்தது. மைலேஜ் கூடியும் சாப்பாடு கூடவில்லை, மாதவிடாயும் சில மாதங்களாக நின்றிருந்தது. உடலுக்குச் சேர வேண்டிய சக்தி சேராதபோது முதலில் நிற்பது மாதவிடாய், அடுத்து வலுவிழப்பது எலும்பு. பெண்கள் இதை வெட்கப்படாமல் பேச வேண்டும். மாதவிடாய் நின்றால் ஓட்டத்துக்கு வசதி என்று விட்டுவிடவே கூடாது. அதேபோல, ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஓர் அடி விழுந்து, முன்பாதத்தை ஊன்றவே முடியாமல் போனால் அக்கிலிஸ் அறுந்திருக்கலாம். பயிற்சி, காலண்டர் எதற்கும் அங்கே இடமில்லை, நேராக மருத்துவமனைக்குத்தான்.

இனி வராமல் பார்த்துக்கொள்ள என்ன செய்கிறேன் என்று கேட்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் கெண்டைக்கால் பயிற்சி, வலி போன பிறகும். ஓடுவதற்கு முன் நின்று இழுக்கும் ஸ்ட்ரெட்ச் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அந்த நேரத்தில் மெதுவாக ஓடிச் சூடாகிக்கொள்கிறேன். லாங் ரன் தூரத்துக்கு 2025-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றின் கணக்கை வைத்திருக்கிறேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் வாட்ச் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரம் எவ்வளவு கூடியது என்பது காயத்தை அவ்வளவாகக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு ஓட்டம், அதற்கு முந்தைய 30 நாட்களின் மிக நீண்ட ஓட்டத்தைப் பத்து சதவிகிதத்துக்கு மேல் தாண்டியபோதுதான் காயம் கூடியது. போன மாதம் அதிகபட்சம் 18 கிலோமீட்டர் ஓடியிருந்தால் இந்த ஞாயிறு 20-க்குள் நிறுத்திக்கொள்கிறேன். ஊருக்குப் போய், காய்ச்சலில் படுத்து ஒரு மாதம் ஓடாமல் இருந்தால் கணக்கு மறுபடி கீழிருந்து தொடங்கும்.

எத்தனை நாளில் சரியாகும் என்றால், மாதக்கணக்கு என்பதுதான் நேர்மையான பதில். பன்னிரண்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும். முழு வேகத்துக்கும் மலைக்கும் அதற்கு மேலும் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட. என் வலது நாண் இன்னும் இடதைவிடத் தடிமன்தான், தொட்டால் சிறு முடிச்சு தெரியும். ஆனால் வலி இல்லை. ஸ்கேனில் தெரியும் தடிப்புக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதால் அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

பிசியோவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் வைத்து, மசாஜ் செய்து, நாளைக்கும் வாங்க என்று மட்டும் சொல்கிற இடமா, அல்லது இரண்டு காலின் பலத்தையும் அளந்து, வீட்டில் செய்ய எழுதிக் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து எடையைக் கூட்ட அழைக்கிற இடமா என்று முதல் நாளே பாருங்கள். இரண்டாவது வகைக்குப் போக வேண்டிய தடவைகளும் குறைவு, செலவும் குறைவு.