இரண்டாவது காயிலும் சுட்டது: ஈசிஎம் வரை போன மிஸ்ஃபயர்

வண்டி 4 சிலிண்டர் பெட்ரோல். பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் காயில் தனித்தனியாக, பிளக் மேலேயே உட்காரும். வயர் மாட்டும் கப்ளர் 2 பின். சென்னை மழைக்குப் பின் சேறு போக பானட்டுக்குள் பிரஷர் வைத்து வாட்டர் சர்வீஸ் ஆனது. அன்றிலிருந்து ஐடிலில் மிஸ் அடிக்கிறது (ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை), செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. விளக்கு மினுக்கினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுக்கும்.

சனி காலை

ஸ்கேனரில் வந்த பழுதுக் கோடுகள் (code): பி0302 (2ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர்), பி0352. முதல் கோடு மட்டும் வந்திருந்தால் 2ஆம் காயிலை 3இல் மாட்டி, கோடு 0303 ஆகிறதா என்று பார்த்தால் போதும். பி0352 காயில் சர்க்யூட்டையே குறிக்கிறது. அப்போது நல்ல காயிலை அங்கே மாட்டிப் பார்ப்பது ஆபத்து.

பிளக் குழியில் தண்ணீர், காயில் ஸ்பிரிங்கில் களிம்பு. 12 வோல்ட் பக்கச் சுற்றான பிரைமரியில் மீட்டர் 0.4 ஓம் காட்டியது. மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, அதைக் கழித்தால் 0.2 ஓம்தான். மற்ற மூன்றும் கழித்த பிறகு 0.6. ஆக உள்சுற்று ஷார்ட். பிளக் பக்கச் சுற்றான செகண்டரியில் டயோடு உள்ள காயில்களில் மீட்டர் ஓப்பன் (இணைப்பே இல்லாதது போல) காட்டும், அதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

சனி மதியம்

ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பக்கம் பார்க்காமலே புதுக் காயில் மாட்டியாயிற்று. சாவியை ஆன் மட்டும் செய்து, ஸ்டார்ட் செய்யாமலே, ஒரு நிமிடத்துக்குள் காயில் கை வைக்க முடியாத சூடு. உடனே கழற்றியாயிற்று.

காயிலின் ஒரு பின்னுக்கு 12 வோல்ட் நேராக வரும். மறு பின்னை ஈசிஎம்முக்குள் இருக்கும் ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்ச் (டிரைவர்) சில மில்லிசெகண்ட் மட்டும் எர்த்துக்கு இழுத்து விடும். ஷார்ட்டான காயில் அதிகக் கரண்ட் இழுத்து ஐஜிபிடியைக் கொல்கிறது. செத்த ஐஜிபிடி ஆனிலேயே நின்றுவிட்டால், 0.6 ஓமில் 12 வோல்ட், கணக்குக்கு 20 ஆம்பியர் ஓயாமல் ஓடும். புதுக் காயிலும் போகும்.

1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடியைக் கப்ளரின் இரு பின்னுக்கு இடையே, நீளக்கால் 12 வோல்ட் பக்கம் வைத்துப் பார்த்தோம். சாவி ஆனில் எரியவே கூடாது, செல்ஃப் அடிக்கும்போது மினுக்க வேண்டும். 1, 3, 4 சரி. 2இல் அணையாமல் எரிந்தது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரை உருவி, 2ஆம் டிரைவர் வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பார்த்ததில் ஓப்பன், அதாவது வயர் எர்த்தைத் தொடவில்லை. வயரில் பழுதில்லை, பழுது ஈசிஎம்முக்குள்.

இந்தச் சோதனை 2 பின் காயிலுக்கு மட்டும். 3, 4 பின் காயிலில் பெரும்பாலும் டிரைவர் காயிலுக்குள்ளேயே இருக்கும்.

ஞாயிறு

சென்னையின் பழைய வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய ஈசிஎம் கிடைக்கும். ஆனால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சாவியோடு சேராவிட்டால் ஸ்டார்ட் ஆகாது, அதனால் பலகையையே பழுது பார்த்தோம். நான்கு ஐஜிபிடிகளையும் மீட்டரின் டயோடு மோடில் ஒப்பிட்டதில் மூன்று ஒரே மாதிரி, ஒன்று பூஜ்யம். மேலே அச்சிட்ட அதே எண் உள்ளதையே போட வேண்டும். இக்னிஷன் ஐஜிபிடிக்குள் 400 வோல்ட் அளவில் கிளாம்ப் (அதற்கு மேல் வோல்ட் ஏறாமல் தடுப்பது) உண்டு. வேறு வகை சுவிட்சான சாதா மாஸ்ஃபெட் தாங்காது.

மாற்றியபின் எல்இடி நான்கிலும் ஒரே சீராக மினுக்கியது. பிளக் குழியைக் காற்றடித்து உலர்த்தி, பீங்கானில் கரிக்கோடு விழுந்த பிளக்கை மாற்றி, பிளக்கை மூடும் ரப்பர் பூட் உள்ளே டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் தடவி, அதன்பிறகே இன்னொரு புதுக் காயில் ஏறியது. 20 நிமிட ஐடிலில் கோடு திரும்பவில்லை, காயில் நான்கும் ஒரே சூடு. வால்வு கவர் கேஸ்கெட்டில் லேசான எண்ணெய்க் கசிவு தெரிகிறது. பூட் ஊறிப்போகும் முன் அதை மாற்ற வேண்டும்.