கையை ஊன்றாமல் எழுந்திருக்க ஒரு வருடம்

போன ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து, வாழையிலையில் காப்பரிசி, காதோலை கருகமணி, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டது வரை ஒரு குறையும் இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஒரு கையை ஈரப்படியில் ஊன்றினேன், வழுக்கியது. இன்னொரு கையையும் ஊன்றி முட்டி போட்டுப் பார்த்தேன், புடவை காலுக்கடியில் சிக்கிக்கொண்டது. பின்னால் இடத்துக்குக் காத்திருந்தவர்கள் "கொஞ்சம் சீக்கிரம்மா" என்று அவசரப்படுத்த, கடைசியில் அண்ணன் மகள்தான் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். "என்ன அத்தை, பாட்டியே எந்திரிச்சுட்டாங்க" என்றாள். அவள் பாட்டி என்றது என் மாமியாரை. அவருக்கு 76. எனக்கு 47.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, தினமும் கிழிக்கும் நாட்காட்டியின் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினேன்: எடை 74, இடுப்பு 98 செ.மீ., கையை ஊன்றாமல் எழ முடியாது. அப்படி ஆரம்பித்த பழக்கம்தான். இந்த ஒரு வருடத்துத் தாள்களும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அதைக் கொட்டி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். வீட்டில் சாப்பாட்டு மேஜை, சோபா, கட்டில். தரையில் உட்கார்ந்து பல வருடம் ஆகிவிட்டது என்பதே படித்துறையில்தான் உறைத்தது.

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோயிலைச் சுற்றி வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி. நடக்க ஆரம்பிக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல மைதானம் கிடையாது, பாதியில் விட்டாலும் எப்படியும் வீட்டுக்குத் திரும்பிச் சுற்றி வந்துதான் ஆகவேண்டும். முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பி உத்திர வீதியை ஒரு சுற்று சுற்றினேன். 28 நிமிடம். மேல உத்திர வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை, தாளிலும் எழுதவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் இரண்டு மாதம் வெறும் நடைதான். 10,000 அடி என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று போனில் எண்ணிக்கொண்டே நடந்தேன். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று மகள் தேடிச் சொன்னபோது சிரிப்பாக வந்தது: 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயராம், 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். அதற்காக ராத்திரி ஒன்பதரைக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து மிச்சம் 600 அடியை நிரப்பிக்கொண்டிருந்தேன் நான். டிவிக்கு முன்னால் நான் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் இவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது அவருடைய நல்ல குணம்.

அக்டோபரில் குதிகால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி குத்துகிற மாதிரி இருக்கும், பத்து அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி. தேய்ந்து போன ரப்பர் செருப்போடு தினம் இரண்டு சுற்று நடந்திருக்கிறேன், பிறகு ஏன் வராது. நமக்கெல்லாம் நடைப்பயிற்சி என்றால் காசில்லாத விஷயம் என்று ஒரு நினைப்பு. ஷூ வாங்க 2,800 ரூபாய் கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. புடவைக்கு ஷூ போட்டுக்கொண்டு வீதியில் இறங்கிய முதல் நாள் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்து, "என்ன, போலீஸ்ல சேர்ந்தாச்சா" என்றார். அடுத்த வாரமே சுடிதாருக்கு மாறினேன். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்து, அதன் மேல் உள்ளங்காலை முன்னும் பின்னும் உருட்டுவது, சுவரில் கையை வைத்துக் கெண்டைக்காலை இழுத்து நிற்பது, இரண்டும் தினம் காலை மாலை. ஆறு வாரம் பிடித்தது.

அந்தக் குதிகாலால் ஒரு நல்லதும் நடந்தது. வலிக்காகப் போய்ப் பார்த்த பிசியோதெரபி பெண், வயது இருபத்தைந்துதான் இருக்கும், என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னாள். நான்காவது முறை எழும்போது தொடை நடுங்கியது. "நடக்கறது நல்லதும்மா, ஆனா நடந்தா மட்டும் தொடைக்குப் பலம் வந்துடாது" என்றாள். முப்பது வயதுக்கு மேல் தசை மெல்லக் குறைய ஆரம்பிக்கும், மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பும் தசையும் இன்னும் வேகமாகக் கரையும் என்று அவள் சொன்னதும்தான், ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவதையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போவதையும் இதோடு சேர்த்துப் பார்த்தேன். அதுவரை ஃபேன் சரியில்லை என்று நினைத்து இவரை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக நவம்பரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் இருபது நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையை ஊன்றித் தண்டால், வாசல் படியில் நுனிக்காலில் நின்று இறங்குவது, ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து நிமிர்வது. தாளில் இருப்பதை அப்படியே சொல்கிறேன்: நவம்பர் முதல் வாரம் நாற்காலியிலிருந்து எழுந்தது, மூன்று தவணையாக, 5, 4, 3. ஜனவரி கடைசியில் 12, 12, 10. ஏப்ரலில் அரிசிப் பையோடு 10, 10, 10. பிறகு பை கிழிந்து ஹால் முழுக்கப் பொன்னி அரிசி. அன்றைக்கு அதைக் கூட்டி அள்ளியதுதான் பயிற்சி.

மார்கழியில் கணக்கு அடி வாங்கியது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வந்துவிட்டால் எங்கள் வீதிகள் எங்களுக்கே சொந்தமில்லை, எங்கே பார்த்தாலும் தடுப்புக் கட்டை, வண்டி, வெளியூர்க் கூட்டம். பதினோரு நாள் தாளில் வெறும் கோடுதான் இருக்கிறது. அப்புறம் தை மாதம் தேர் ஓடும் நாளில் உத்திர வீதி அடைத்துவிடும் என்பதால் சித்திரை வீதிக்கு மாறினேன். மாறியவள் திரும்ப வரவில்லை. சித்திரைத் தேருக்குச் சித்திரை வீதி அடைபட்டபோது அடையவளஞ்சானுக்குப் போய்விட்டேன். பெருமாள்தான் என்னை ஒவ்வொரு வீதியாக வெளியே தள்ளிக்கொண்டே போனார் என்று மாமியார் சொல்கிறார். இப்போது அடையவளஞ்சான் முழுச் சுற்று 40 நிமிடத்துக்குள் முடிகிறது, திண்ணை இல்லாமல்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காபியில் சர்க்கரையை அரைக் கரண்டி ஆக்கினேன், இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொள்வதை விட்டேன். ஆனால் புரதக் கணக்கு மட்டும் என்னைத் திடுக்கிட வைத்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது, எனக்கு அறுபது கிராம் சுமாருக்கு வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பார்த்தால் 38. இட்லி ஒன்றில் இரண்டு கிராம்தான், நாலு இட்லி சாப்பிட்டு வயிறு நிறைந்தது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. பாசிப்பயறு சுண்டல், கெட்டித் தயிர், அப்புறம் மீல்மேக்கர், காய்ந்த மீல்மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம். வாரத்துக்கு மூன்று நாள் குழம்பில் போட்டேன். மூன்றாவது வாரம் இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் ஸ்பான்ஞ்சா" என்றார். இப்போது வாரத்துக்கு ஒரு நாள்.

இந்த வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய பயிற்சி மாமியாரிடமிருந்து வந்தது, அதுவும் அவருக்குத் தெரியாமல். பிப்ரவரியில் ஒரு நாள் சமையலறையில் அவர் அரிவாள்மனையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலை மடித்துப் பலகையின் மேல் வைத்து, இன்னொரு காலைக் குத்திட்டு. வாசலில் காய்காரர் குரல் கேட்டதும், கையில் கொத்தவரங்காயோடு, எதையும் பிடிக்காமல், முன்னால் கொஞ்சம் சாய்ந்து அப்படியே எழுந்து போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அறுபது வருடமாக ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படி உட்கார்ந்து எழுந்திருப்பார். பிரேசில் நாட்டு மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்து 2012இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்: தரையில் உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து, கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும். மாமியாரை உட்கார வைத்துப் பார்த்தேன், ஒன்பது. எனக்கு ஆறு. "இதுக்கெல்லாமா மார்க் போடறாங்க" என்றார்.

அன்றிலிருந்து கத்தியையும் பலகையையும் எடுத்து வைத்துவிட்டு நானும் அரிவாள்மனைக்கு மாறினேன். வேண்டுமென்றே ஒவ்வொரு காயாக எடுத்து வர எழுந்து போவேன். கத்தரிக்காய்க்கு ஒருமுறை, உருளைக்கிழங்குக்கு ஒருமுறை. முதல் மாதம் சமையல் அரை மணி நேரம் தாமதம். விரலில் இரண்டு வெட்டு. ஜூன் 14ஆம் தேதித் தாளில் பெரிய எழுத்தில் இருக்கிறது: 'கை ஊன்றாமல், வெண்டைக்காய்க்கு.'

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: எடை 70.6. ஒரு வருடத்துக்கு மூன்றரைக் கிலோகூட இல்லை, இதைச் சொன்னால் ஆபீசில் "அவ்வளவுதானா" என்றுதான் கேட்கிறார்கள். இடுப்பு 91, பெண்களுக்கு 80க்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள், அதற்கு இன்னும் வெகு தூரம். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.3இலிருந்து 5.8, இன்னும் எல்லைக்கோட்டுக்கு மேல்தான். நடந்த நாள் 241, பயிற்சி செய்த நாள் 97. இடது முட்டி மாடி ஏறும்போது சத்தம் போடுகிறது, வலி இல்லை. ராத்திரி வேர்ப்பது நிற்கவில்லை, ஆனால் திரும்பத் தூக்கம் வந்துவிடுகிறது.

இந்த ஆடிப்பெருக்குக்கு மறுபடி அம்மா மண்டபம். காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது, படியில் பாதி தண்ணீருக்குள். அதே மாதிரி உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு எழுந்தேன். வீட்டுத் தரையில் சுலபமாக வருவது ஈரப்படியில் வரவில்லை, பாதியில் தடுமாறி ஒரு கையைத் தொடையில் வைத்து அழுத்தித்தான் நிமிர்ந்தேன். அண்ணன் மகள் பிடிக்கக் கையை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டாள். தொடையில் கை வைத்தால் அந்தச் சோதனையில் ஒரு மதிப்பெண் போய்விடும் என்று மகள் ராத்திரி போனில் சொன்னாள். பிரேசிலில் போகட்டும். நான் தாளில் டிக் போட்டு டப்பாவில் வைத்துவிட்டேன்.