பதின்மூன்றரை மணி நேரம்

ஜனவரி 5

பாஸ்போர்ட் வரவில்லை.

ஜனவரி 6

மயூர் விஹாரில் இன்றைக்கும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மாடியில் கறிவேப்பிலைக்குக் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். தில்லிக் குளிரில் எப்படியும் இலை கொட்டும், மார்ச்சில் துளிர்க்கும். இருந்தாலும் மூடாமல் விட மனசு கேட்பதில்லை.

வான்கூவரில் இந்த வாரக் கடைசியில் பனி கொட்டுமாம். மகள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஜனவரி 7

அவளுடைய பி.பி. 142/92.

ஜனவரி 8

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். அவர்கள் வீட்டுக் கிரீன்ஹவுஸ், செடிகளைக் குளிரிலிருந்து காக்கும் கூடாரம், 6 அடிக்கு 8 அடி. கூரையில் ஒரு அடி பனி நின்றால் 48 கன அடி. பொலபொலவென்ற புதுப் பனியே கன அடிக்கு 3 கிலோ வரலாம். அதுவே 144 கிலோ. அங்கே கடலோரம், விழுவது பெரும்பாலும் ஈரப்பனி. அது சாதாரணமாக இரண்டு மடங்கு கனக்கும். நாலு ஆள் கூரைமேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. தாங்குவதோ விரல் தடிமன் அலுமினியச் சட்டம்.

பனி விழும் முன்பே உள்ளேயிருந்து நடு உத்தரத்துக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுக்கச் சொன்னேன். "சரி அத்தை" என்றார் மாப்பிள்ளை. தங்கமான மனுஷன்தான், ஆனால் அவருடைய சரி எப்போதும் அடுத்த வாரத்துக்கானது.

அவள் ஜன்னல் வரைக்கும் நடக்கலாம். அவ்வளவுதான்.

ஜனவரி 10

கொட்டுகிறது. இங்கே காலை ஒன்பது, அங்கே முந்தின நாள் ராத்திரி ஏழரை. போனை ஜன்னலில் சாய்த்து வைத்துக் காட்டினாள். வெளிவிளக்கு வெளிச்சத்தில் கூரை வெளுத்துக்கொண்டே வருகிறது. உள்ளே ஹீட்டர் ஓடியும் ஏன் உருகவில்லை என்று யோசித்தேன். குளிர் இறங்காமலிருக்கக் கூரைக்கடியில் பபிள் ராப் ஒட்டியிருக்கிறார்களே, சூடு எப்படி மேலே போகும்? பெரிய பண்ணைகளில் கூரைக்குக் கீழே திரை கட்டியிருப்பார்கள், பனி விழும்போது அதைத் திறந்துவிடுவார்கள், சூடு மேலே போய்ப் பனி கரைந்து வழுக்கி விழட்டுமென்று. மேல்பக்கத்து ராப்பை மட்டும் பிரித்து ஹீட்டரைக் கூட்டச் சொன்னேன்.

"கரண்ட் பில்லை நீ கட்டுவியாம்மா?"

கட்டுகிறேன்டி.

ஜனவரி 11

அங்கே கரண்ட் போய்விட்டது. ஈரப்பனி பாரத்தில் மரக்கிளை முறிந்து லைன் அறுந்திருக்கிறது. அவர்கள் கறிவேப்பிலைத் தொட்டி கிரீன்ஹவுஸிலிருந்து படுக்கையறைக்கு வந்துவிட்டது. எலுமிச்சைத் தொட்டி கனம், வாசலைத் தாண்டவில்லை. அதைப் பழைய பெட்ஷீட்டால் சுற்றி, பக்கத்தில் மூடி போட்ட வாளிகளில் வெந்நீர் வைத்திருக்கிறார். கேஸ் அடுப்பு இருப்பது நல்லதாயிற்று.

முட்டுக்கட்டை? கொடுக்கவில்லை! இப்போது போய்க் கொடுக்கிறேன் என்று கிளம்பினார். கத்திவிட்டேன். பாரம் நிற்கிற கூரைக்கடியில் போய் நிற்காதீர்கள். உள்ளேயிருந்து கம்பால் குத்தவும் வேண்டாம், கூரையின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பலகைகள் வெறும் கிளிப்பில் நிற்கின்றன, பிதுங்கி வந்துவிடும். வெளியே நின்று நீளக் கம்பில் மெத்தென்ற துடைப்பத்தைக் கட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். ஒரே பக்கத்தை முழுசாக வழித்தால் சட்டம் கோணிக்கொள்ளும். மண்வாரி கூடவே கூடாது, பாலிகார்பனேட் கீறிப்போகும்.

முக்கால் மணி நேரம் போனில் தலைமேல் நின்றேன். அவர் மூக்கு சிவந்து பாவமாக இருந்தது.

ஜனவரி 12

பி.பி. எவ்வளவு என்று கேட்டால் எலுமிச்சை பிழைத்துக்கொள்ளும் என்கிறாள்.

ஜனவரி 13

கன்னாட் பிளேஸ் பக்கம் போய்ப் பாஸ்போர்ட் என்னாயிற்று என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமல் "பிராசஸ்மே ஹை ஆண்ட்டிஜி" என்றான், வேலை நடந்துகொண்டிருக்கிறதாம். நானும் நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எந்தக் கவுண்டரிலும் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்ன ஆளைக் கண்டதில்லை. திரும்பும்போது எதிர்சாரி வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி. விமானங்கள் லேட்டாம். எனக்கென்ன, டிக்கெட்டா இருக்கிறது?

ஜனவரி 14

கரண்ட் வந்துவிட்டது. ஆனால் அங்கே நாளைக்கு மழையாம். மிச்சப் பனி அத்தனை மழையையும் குடித்துக்கொண்டு கூரையிலேயே நிற்கும், உருகி ஓடிவிடும் என்று நினைக்கக் கூடாது. மழைக்கு முன்னால் மிச்சத்தையும் தள்ளச் சொன்னேன். பக்கச் சுவரோரம் குவிந்ததையும் வாரிவிடச் சொன்னேன், இல்லாவிட்டால் சுவர் உள்ளே நெரியும்.

அவள் குரல் சரியில்லை. தலைவலி என்றாள். கண் மங்கலாக இருக்கிறதா என்று கேட்டேன். மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள் என்றேன். சரி அத்தை என்றார்.

ஜனவரி 15, காலை 5 மணி

கிளம்பிவிட்டார்களாம். அங்கே பகல் மூன்றரைதான், வெளிச்சம் இருக்கும். ரோட்டில் பனி வாரியிருக்கிறதா என்று கேட்டு அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. போனில் சார்ஜ் 11 சதவீதம், சார்ஜரைக் காணோம்